கழுத்து நோவும் 3,500 டொலரும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒருவர் "கார் அடிபட்டுட்டுது, கழுத்து நோகுது" என்று சொன்னால், டொக்டரிடம் காட்டினீர்களா என்று எங்கள் ஆட்கள் கேட்பது அபூர்வம். "லோயர் ஆர்?" என்பதுதான் முதல் கேள்வி. "எந்தக் கிளினிக்குக்குப் போறியள்?" என்பது இரண்டாவது. அதற்குப் பிறகு ஒருவர் குரலைத் தணித்துக்கொண்டு, தன் மச்சானுக்கு எவ்வளவு கிடைத்தது என்று சொல்லுவார். அந்தத் தொகை ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் கொஞ்சம் கூடும். கழுத்தைப் பற்றிக் கதைக்க ஆள் கிடையாது.

நான் கழுத்தைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். காசைப் பற்றியும் கதைக்கத்தான் வேண்டியிருக்கும். இந்த ஊரில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

போன இலையுதிர் காலத்தில் எல்ஸ்மியர் ரோட்டில் சிவப்பு லைட்டுக்கு நின்ற என் காரின் பின்பக்கத்தில் ஒரு எஸ்யூவி வந்து மோதியது. பெரிய மோதல் என்று சொல்ல முடியாது. பம்பர் நெளிந்தது, டிக்கி பூட்ட முடியவில்லை. இறங்கிப் படம் எடுத்தேன், மற்றச் சாரதியின் விபரங்களைக் குறித்தேன். நோ ஒன்றும் இல்லை. பொலிஸ் வர முதலே டோ ட்ரக் வந்துவிட்டது. கூப்பிடாமல் வந்த அந்தத் தம்பி காரைப் பார்க்க முதல் என் கழுத்தைப் பார்த்தார். "அண்ணை, இப்ப தெரியாது. நாளைக்குத்தான் பிடிக்கும்" என்று ஒரு கார்ட்டைத் தந்தார். கார் திருத்துகிற இடமாக்கும் என்று வாங்கிப் பார்த்தால் அது ஒரு ரீஹாப் கிளினிக்.

தம்பி சொன்ன வைத்தியம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த நாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்கக் கையால் முண்டு கொடுக்க வேண்டியிருந்தது.

ஏன் அடுத்த நாள்? பின்னாலிருந்து இடி விழும்போது சீட் உடம்பை முன்னுக்குத் தள்ளுகிறது. தலை இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பருத்தித்துறை பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவருக்கு, சாரதி வெடுக்கென்று எடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும். இங்கே பஸ் உங்கள் நெஞ்சு, கம்பியைப் பிடிக்காத பயணி உங்கள் தலை. அந்தப் பயணியின் நிறை நாலரை, ஐந்து கிலோ. கழுத்து முழுவதும் ஒரேயடியாகப் பின்னுக்கு மடிவதாகத்தான் முன்பு நினைத்திருந்தார்கள். உண்மையில் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் கழுத்தின் அடிப்பகுதி பின்னுக்கும் மேற்பகுதி முன்னுக்குமாக எஸ் வடிவத்தில் முறுகிவிடுகிறது. தசைகள் இறுகித் தாங்க அந்த நேரம் காணாது. முறுக்கு முழுவதையும் வாங்குவது முள்ளந்தண்டின் பின்புறத்தில் இருக்கிற சின்னச் சின்ன மூட்டுகளும் அவற்றைச் சுற்றிய சவ்வுகளும் தசைநார்களும்தான். அவை வீங்கி, காவலுக்குத் தசை இறுகுவதற்கு மணித்தியாலங்கள் செல்லும். அதுவரைக்கும் நீங்கள் தெருவில் நின்று "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். விப்லாஷ் என்பது இதுதான்.

குடும்ப டொக்டர் எக்ஸ்ரேக்கு அனுப்பவில்லை. வீட்டில் அதற்கு ஒரு சண்டை. "ஒரு படம்கூட எடுக்கேல்லையோ? என்ன டொக்டர் அவர்?" என்றார் மனைவி. படம் எடுக்காததற்குக் காரணம் இருந்தது. ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்ற டொக்டரும் அவருடைய குழுவும் 2001இல் ஒரு விதியை வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அது பாவனையில் இருக்கிறது. நினைவு தெளிவாக உள்ளவருக்கு மூன்று கேள்விகள். வயது 65 அல்லது அதற்கு மேலா, விபத்து ஆபத்தான வகையா, கை கால் விறைக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் படம் எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால், சாதாரணப் பின்மோதல், எழும்பி நடந்தவர், நோ பிறகுதான் தொடங்கியது என்பது போன்ற நல்ல அறிகுறிகளில் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் கழுத்தை இரண்டு பக்கமும் 45 பாகை திருப்பச் சொல்லுகிறார்கள். திருப்ப முடிந்தால் எலும்பு முறிவுக்குப் பயப்படத் தேவையில்லை. நான் முனகிக்கொண்டு திருப்பினேன். "கிரேட் டூ" என்று எழுதினார்.

அந்தக் கிரேட் கியூபெக்கிலிருந்து வந்தது. அந்த மாகாணத்தின் வாகனக் காப்புறுதிச் சபை நியமித்த நிபுணர் குழு 1995இல் இந்தக் காயத்தை 0 முதல் 4 வரை வகுத்தது. நோவும் இறுக்கமும் மட்டும் என்றால் 1. சோதிக்கும்போது கழுத்து முழுதாகத் திரும்பாமலோ தொட்ட இடம் நொந்தாலோ 2. நரம்பு பாதித்துக் கை பலவீனப்பட்டால் 3. எலும்பு முறிந்தால் அல்லது விலகினால் 4. எங்கள் பிளாசா கிளினிக்குகளுக்குப் போகிற பெரும்பாலானோர் முதல் இரண்டு கிரேட்காரர். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்கிற கைரோபிரக்டரிடம் போகலாமா என்ற கேள்வியும் இவர்களுக்குத்தான். மூன்றும் நான்கும் ஆஸ்பத்திரி அலுவல்.

இனி அந்தக் கார்ட்டில் இருந்த கிளினிக். பிளாசாவின் மேல்மாடி, கீழே கொத்து ரொட்டி வாசம். போன உடனே ஒரு கட்டு ஃபோர்ம்களில் கையெழுத்து. கழுத்தில் சூட்டுப் பை, பிறகு கரண்ட் மெஷின், பிறகு கைரோபிரக்டர் வந்து "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்று சொல்லிக்கொண்டே தலையை ஒரு திருப்புத் திருப்பி இரண்டு சத்தம் எடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். திரும்பவும் சூட்டுப் பை. சுகமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். வீட்டு வாசலுக்கு வரும்போது பழைய நோ காத்துக்கொண்டு நிற்கும். பக்கத்துக் கட்டில் ஐயா ஒருவர் அங்கே நிரந்தர வாடிக்கையாளர். எந்த விபத்துக்காக வருகிறார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

ஒரு நாள் வரவேற்பு மேசையில் இருந்த தங்கச்சி வருகைத் தாளை நீட்டி, "அண்ணை, போன கிழமைக்கும் சேர்த்து வையுங்கோ" என்றார். போன கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. "எல்லாரும் வைக்கிறதுதானே, இன்சூரன்ஸ்தானே கட்டுது." பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஆட்களில் கனபேருக்கு விளங்காமல் இருப்பது இதுதான். ஒன்ராறியோவில் பிழை யாருடையதாக இருந்தாலும் சிகிச்சைச் செலவு உங்கள் சொந்தக் காப்புறுதியிலிருந்துதான் வருகிறது. விப்லாஷின் முதல் இரண்டு கிரேட்டும் சட்டப்படி "சிறு காயம்". சிறு காயத்துக்கு மொத்தமாக 3,500 டொலர் வரைதான். கைரோ, பிசியோ, மசாஜ், மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் அதற்குள். விபத்துக்கு முன்பே பதிவாகியிருந்த நோய் குணமாவதைத் தடுத்தால், அல்லது காயம் சிறு காயத்தின் வரையறைக்குள் அடங்காவிட்டால் அந்த எல்லையைத் தாண்டலாம். ஆனால் அதை நிறுவ வேண்டும். ஆகவே போகாத நாளுக்கு நீங்கள் வைக்கிற கையெழுத்து இன்சூரன்ஸ் கொம்பனியைச் சுரண்டுவதாக நினைத்தால் கணக்குப் பிழை. உங்கள் கழுத்துக்கென்று ஒதுக்கிய 3,500இல் ஒரு துண்டு போய்விட்டது. உண்மையிலேயே சிகிச்சை தேவைப்படுகிற நாளில் "லிமிட் முடிஞ்சுது அண்ணை" என்று அதே தங்கச்சிதான் சொல்லுவார். அதோடு, அது குற்றமும்கூட. ஃபோர்மிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறார்கள். ஒருவரும் வாசிப்பதில்லை.

கைரோபிரக்டிக்கை முழுதாக நம்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய சந்தேகத்துக்கு வரலாறு இருக்கிறது. அந்தத் தொழிலின் தகப்பன் டானியல் டேவிட் பாமர் 1845இல் பிறந்தது எங்களுக்கு அடுத்த ஊரான பிக்கரிங்கில். அமெரிக்காவுக்குப் போய், காந்த வைத்தியம் செய்துகொண்டிருந்தவர், 1895இல் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட்டில் ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தினார். லில்லார்ட்டுக்கு இருந்த குறை கழுத்து நோ அல்ல, காது கேளாமை. காது கேட்டுவிட்டது என்றார் பாமர். பிறகு நோய்களில் 95 வீதத்துக்கு விலகிய முள்ளெலும்புகளே காரணம் என்று எழுதியும் வைத்தார். அந்தக் கதையை இன்னும் விற்கிற கிளினிக்குகள் உண்டு. ஆஸ்த்மாவுக்கும் குழந்தையின் வயிற்றுக்குத்துக்கும் முதுகெலும்பைத் தட்டுகிறவர்களிடம் நான் போக மாட்டேன். மறுபக்கம், ரொறன்ரோவில் 1945 முதல் கைரோபிரக்டிக் கல்லூரி இருக்கிறது; 1991இன் மாகாணச் சட்டம் அவர்களைக் கட்டுப்பாட்டுக்குள் உள்ள சுகாதாரத் தொழிலாக ஏற்றிருக்கிறது. மருந்து எழுத முடியாது. 2004 வரை மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பும் ஒரு பங்கு கட்டிக்கொண்டிருந்தது. பிறகு நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவதாக நான் போன கைரோபிரக்டர் இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை. முதல் நாள் கழுத்தை அவர் தொடவே நிறைய நேரம் சென்றது. விபத்தை ஒழுங்காகக் கேட்டார். பிரஷர் பார்த்தார், முழங்கையில் சுத்தியலால் தட்டினார், விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார், தலைச்சுற்று உண்டா, பார்வை இரட்டிக்கிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகு, "அங்கிள், முதல் கொஞ்ச நாளைக்குத் திருப்பி முறிக்கிற வேலை வேண்டாம். மெதுவா அசைச்சு விடுறன். மிச்சம் வீட்டில நீங்கள்தான் செய்யவேணும்" என்றார்.

எனக்கு ஏமாற்றம். சத்தம் வந்தால்தான் வேலை நடந்தது என்ற நினைப்பு எனக்கும் இருந்தது.

"அப்ப விலகின எலும்பு எப்பிடிப் பிள்ளை இடத்துக்கு வரும்?"

"எலும்பு விலகியிருந்தா நீங்கள் இஞ்ச நடந்து வந்திருக்க மாட்டீங்கள் அங்கிள்."

அந்த 'டக்' சத்தத்தைப் பற்றியும் அவரிடம்தான் அறிந்தேன். அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2015இல் விரல் மூட்டை இழுத்து, சத்தம் வருகிற கணத்தை எம்ஆர்ஐ மெஷினில் படம் பிடித்தார்கள். மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் ஒரு வெற்றிடம், ஒரு வாயுக் குமிழ், உருவாகிறது. ஒன்றும் இடத்துக்கு வரவுமில்லை, இடத்தை விட்டுப் போகவுமில்லை. சத்தத்துக்குப் பிறகு தசை தளர்ந்து கொஞ்ச நேரம் இதமாக இருப்பது உண்மை. அந்த இதம் இருக்கிற நேரத்தில் கழுத்தை அசைத்துப் பழக்குவதுதான் சிகிச்சை என்பது அவருடைய கட்சி.

அவர் தந்த அப்பியாசங்களைப் பார்த்து மனைவி சிரித்தார். தோளைப் பார், மற்றத் தோளைப் பார், நாடியை உள்ளுக்கு இழு, தோள்மூட்டுகளைப் பின்னுக்கு ஒடுக்கு. நாளுக்குப் பல தடவை, நோகும் எல்லை வரைக்கும். அம்மன் கோயிலில் கழுத்துப் பட்டியோடு மாதக்கணக்கில் வலம் வருகிற அன்ரி ஒருவர் என்னைக் கண்டு, "தம்பி, நீர் பட்டி போடேல்லையோ? பேந்து கேஸ் நிக்காது" என்றார். கேஸ் நின்றதோ என்னவோ, அன்ரியின் கழுத்து இன்றைக்கும் பட்டி இல்லாமல் நிற்க மறுக்கிறது.

இந்தப் பிள்ளை சொன்னது தன்னுடைய சொந்த யோசனை அல்ல என்று பிறகு வாசித்து அறிந்தேன். ஒன்ராறியோ அரசாங்கம் ஓஷாவாவில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் பியர் கோட்டே தலைமையில் ஒரு குழுவை அமைத்து, வாகன விபத்துக் காயங்களுக்கு எது வேலை செய்கிறது என்று தேடச் சொன்னது. 2015இல் அறிக்கை வந்தது. முதல் மூன்று மாதத்துக் கழுத்து நோவுக்கு அவர்கள் பரிந்துரைப்பது: நிலைமையை விளக்கிச் சொல்வது, கூடவே கழுத்தை அசைக்கிற அப்பியாசம், வேண்டுமானால் அதோடு சேர்த்துக் கையால் செய்கிற கைரோ அல்லது பிசியோ சிகிச்சை. வேண்டாம் என்று எழுதியவற்றில் கழுத்துப் பட்டி, கரண்ட் சிகிச்சை, கிளினிக்கில் வைக்கிற சூடு, இதத்துக்கான மசாஜ் எல்லாம் வருகின்றன. மேல்மாடிக் கிளினிக்கில் எனக்குச் செய்ததில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பட்டியல்.

கோட்டே ஒரு கைரோபிரக்டராகப் பயின்றவர். அதனால்தான் அவருடைய இன்னொரு ஆய்வு எனக்கு மேலும் பெறுமதியாகப் பட்டது. சஸ்காச்சுவான் மாகாணத்தில் விப்லாஷ் வந்தவர்களை அவரும் மற்றவர்களும் தொடர்ந்து பார்த்து 2005இல் எழுதினார்கள். முதல் மாதத்தில் டொக்டரிடம் ஒன்றிரண்டு தடவை மட்டும் போனவர்களே கெதியாகத் தேறினார்கள். டொக்டரிடமும் கைரோபிரக்டரிடமும் அடிக்கடி ஓடியவர்கள் ஆறுதலாகத்தான் தேறினார்கள். நோ கூடியவர்கள்தானே கூடப் போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். காயத்தின் கடுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. அதே மாகாணம் 1995இல் நோவுக்கான நட்டஈட்டு வழக்குகளை நிறுத்தியபோது விப்லாஷ் கோரிக்கைகள் கால்வாசிக்கு மேல் குறைந்தன. கோரிக்கை முடிகிற காலமும் பாதிக்கு மேல் குறைந்தது. இதை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட டேவிட் கசிடியும் கைரோபிரக்டராகப் பயின்றவர்தான்.

இதைக் காட்டி "எல்லாம் நடிப்பு" என்று சொல்லுகிற இன்சூரன்ஸ் ஆட்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. விபத்துக்கு ஒரு வருடத்துக்குப் பிறகும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதோ அளவு நோ மிஞ்சுகிறது என்றுதான் ஆய்வுகள் சொல்லுகின்றன. லண்டனில் எரிக்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1866இலேயே ரயில் விபத்தில் முதுகு நொந்தவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதை வைத்து நோயாளிகளும் ரயில் கொம்பனிகளும் கோர்ட்டில் மல்லுக்கட்டினார்கள். காருக்கு முந்திய சண்டை இது. நோ உண்மை. ஆனால் தேறிவிடுவேன் என்று நினைப்பவர்கள் முதலில் தேறுகிறார்கள், இது இனிப் போகாது என்று நினைப்பவர்கள் பிந்துகிறார்கள் என்பதும் ஆய்வில் கண்ட உண்மை. "இது சீவியத்துக்கும் இருக்கும் அண்ணை, ஃபைலில எழுதவேணும்" என்று கிழமைக்குக் கிழமை ஒருவர் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் உங்கள் கழுத்து யாருடைய பேச்சைக் கேட்கும்?

அந்த ஃபைலின் பெறுமதியையும் சொல்லிவிடுகிறேன். நோவுக்காக மற்றச் சாரதி மீது வழக்குப் போட, காயம் நிரந்தரமானது, பாரதூரமானது என்று காட்ட வேண்டும். காட்டினாலும், மிகப் பெரிய தொகைகளைத் தவிர, கிடைக்கிற பணத்தில் 46,000 டொலருக்கு மேல் சட்டப்படி கழித்துவிடுவார்கள். இரண்டாம் கிரேட் கழுத்துக்கு வீடு வாங்கிய மச்சானை நான் இன்னும் நேரில் காணவில்லை. கடுமையாக அடிபட்டவர்களுக்கு லோயர் கட்டாயம் வேண்டும். அது வேறு கதை.

ஒரு ஆபத்தையும் மறைக்கக் கூடாது. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. மிக அரிது. ஒன்ராறியோவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் குடும்ப டொக்டரிடம் போனவர்களிடமும் அதே தொடர்பு தெரிந்தது. இரத்தக் குழாய் ஏற்கனவே கிழியத் தொடங்கியதால்தான் கழுத்து நொந்து அவர்கள் வைத்தியம் தேடியிருக்கலாம் என்பது அதன் விளக்கம். விவாதம் முடியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது: முன்பு ஒருநாளும் இல்லாத மாதிரித் தலையிடி, பேச்சுக் குளறல், பார்வை இரட்டிப்பு, முகம் விறைப்பு, நடை தள்ளாட்டம் வந்தால் எந்தக் கட்டிலிலும் ஏறாமல் 911 அடியுங்கள். திருப்பி முறிக்கிற சிகிச்சை வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. நல்ல கைரோபிரக்டர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

என் கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்புகிறது. குளிர் நாளில் இடது பக்கம் கொஞ்சம் முறைக்கும். அந்தப் பிள்ளை கடைசியில், "இனி வரத் தேவையில்லை அங்கிள், வேணுமெண்டா அடியுங்கோ" என்றார். ரொறன்ரோவில் ஒரு கிளினிக்கில் அப்படிச் சொல்லிக் கேட்டது எனக்குப் புது அனுபவம்.

அடிபட்டவர்களுக்கு என்னிடம் இருக்கிற யோசனை இவ்வளவுதான். ஏழு நாளைக்குள் உங்கள் இன்சூரன்ஸுக்கு அறிவியுங்கள். அவர்கள் அனுப்புகிற ஃபோர்மை 30 நாளைக்குள் நிரப்பிக் கொடுங்கள். டோ ட்ரக்காரர் தருகிற கார்ட்டுக்குப் போகாமல் முதலில் டொக்டரிடம் போங்கள். கைரோபிரக்டரிடம் போனால் எத்தனை கிழமைக்குள் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார், வீட்டில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள். விடை இல்லாதவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க முடியாத வரைக்கும் கார் ஓட்டாதீர்கள். வெறும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இன்னும் அடிபடாதவர்களுக்கு ஒரு வேலை. சீட்டுக்கு மேல் இருக்கிற தலை தாங்கியை எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கார் வாங்கிய நாள் இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறார்கள். அதன் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும், பின்தலைக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. அடுத்த முறை காரில் ஏறியதும் உயர்த்திவிடுங்கள். பக்கத்து சீட்டையும் மறக்க வேண்டாம்.